தறியும் தூளியும்



கைத்தறித் துண்டு என்றவுடன் நம்மில் பலருக்கு விழா மேடையில் தலைவர்களுக்குப் போர்த்துகிற துண்டுதான் ஞாபகத்துக்கு வரும். அந்தத் துண்டு மேடைக்கு வருமுன் எந்த வீட்டில் நெய்தார்கள், நெய்தவர் எத்தனை முறை தறியை நிறுத்திவிட்டு எழுந்து போனார், பக்கத்தில் எந்தக் குழந்தை அழுதது என்று யாரும் கேட்பதில்லை. கேட்கவும் தோன்றாது. எனக்குத் தோன்றியதற்குக் காரணம், எங்கள் வீட்டில் இப்போது அந்தக் குழந்தை இருக்கிறது!

நான் மெக்கானிக்கல் இரண்டாமாண்டு. எங்கள் ஊர் ராசிபுரத்துக்கும் திருச்செங்கோட்டுக்கும் இடையில். 1997 ஜனவரி 1-ஆம் தேதி நாமக்கல் தனி மாவட்டமாவதற்கு முன் இதெல்லாம் சேலம் ஜில்லா. என் அப்பா இன்னும் சேலம் ஜில்லா என்றுதான் சொல்கிறார். அப்பா விசைத்தறிப் பட்டறையில் வேலை. வீட்டில் ஒரு குழித்தறி உண்டு. அதில் அம்மா நெய்தார், பிறகு அக்கா நெய்தாள். எட்டாவதுக்கு மேல் எங்கள் வீட்டில் யாரும் படித்ததில்லை, நான்தான் முதல். தலைப்பிரசவத்துக்காகத் தாய்வீட்டுக்கு வந்த அக்கா, பெண் குழந்தை பிறந்து ஐம்பதாம் நாள் மறுபடியும் தறியில் உட்கார்ந்துவிட்டாள். அம்மாவுக்கு இடுப்பு வலி, தறிக்குழியில் இறங்க முடியாது. பாவு கொடுக்கிற முதலாளியோ, "தறி சும்மா கெடந்தா அடுத்த பாவ வேற வீட்டுக்குக் குடுத்துருவேன்" என்று சொல்லி அனுப்பிவிட்டார். ஆகவே குழந்தையும் வேண்டும், துண்டும் வேண்டும். இது எப்படி நடக்கிறது என்பதை நமக்குத் தெரிந்த இயந்திரக் கணக்கோடு விளக்குவதுதான் இந்தக் கட்டுரை.

தறி என்கிற இயந்திரம்

கைத்தறியைப் பழைய காலத்துச் சாமான் என்று நினைக்கிறவர்கள் ஒருமுறை அதன் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்க வேண்டும். நீளவாக்கில் இழுத்துக் கட்டியிருப்பது பாவு. குறுக்கே போவது ஊடை. கால் மிதியை அழுத்தினால் விழுது ஏறி இறங்கும். பாவு இழைகளில் பாதி மேலே, பாதி கீழே பிரிந்து நடுவில் ஒரு வழி உண்டாகும். கையில் உள்ள கயிற்றைச் சுண்டினால் நாடா அந்த வழியில் ஓடி ஊடையை விட்டுச் செல்லும். பிறகு பலகையை முன்னால் இழுத்தால் அதில் பொருத்திய அச்சு (சில ஊரில் பண்ணை என்பார்கள்) அந்த இழையை நெய்த துணியோடு சேர்த்து அடிக்கும். வழி பிரித்தல், நாடா ஓட்டுதல், அடித்தல்... இந்த மூன்றும்தான் தறியின் முதல் மூன்று இயக்கங்கள். நெய்த துணியைப் படமரத்தில் சுற்றுவதும், பாவைக் கொஞ்சம் கொஞ்சமாக விடுவதும் மற்ற இரண்டு. படமரம் பின்னால் திரும்பாமல் தடுக்கிற பல்சக்கரத்தைப் பார்த்தால் நம் ஆட்களுக்கு உடனே புரியும். ராட்செட் அண்ட் பால்!

முன்பெல்லாம் நாடாவை ஒரு கையால் எறிந்து மறு கையால் பிடிக்க வேண்டும். 1733-ல் இங்கிலாந்தில் ஜான் கே என்பவர் கயிற்றைச் சுண்டினாலே நாடா பறக்கிற மாதிரி செய்தார். அதனால் ஒரு கை மிச்சமானது. கே எதற்காக அதைக் கண்டுபிடித்தாரோ, எங்கள் அக்காவுக்கு அந்த மிச்சமான அரைக் கைதான் தூளி ஆட்டப் பயன்படுகிறது. அதைப் பிறகு சொல்கிறேன்.

ஒரு துண்டில் எத்தனை ஓட்டம்?

நாடா ஒருமுறை குறுக்கே ஓடுவதை ஓட்டம் என்று வைத்துக்கொள்வோம். புத்தகத்தில் இதற்குப் பிக் என்று பெயர். 30 அங்குல அகலம், 60 அங்குல நீளமுள்ள ஒரு துண்டை எடுத்துக்கொள்ளுங்கள். அங்குலத்துக்கு 40 ஓட்டம் என்றால் 60 பெருக்கல் 40, மொத்தம் 2,400 ஓட்டம். நிமிடத்துக்கு 60 ஓட்டம் வீதம் கை நிற்காமல் ஓட்டினால் ஒரு துண்டுக்கு 40 நிமிடம்.

ஊடைக்கும் கணக்குப் போட்டேன். அச்சில் அகலம் 33 அங்குலம் என்று கொண்டால் ஒரு ஓட்டத்துக்கு ஏறக்குறைய 84 சென்டிமீட்டர் நூல். 2,400 ஓட்டத்துக்கு 2 கிலோமீட்டர்! எங்கள் வீட்டிலிருந்து பஸ் நிறுத்தத்துக்கு நடந்துபோய்த் திரும்பி வருகிற தூரம். இந்த நூல் முழுவதும் நாடாவுக்குள் ஒரேயடியாக அடங்காது. தார்க்குச்சியில் சுற்றித்தான் வைக்க வேண்டும். ஒரு தாரில் 300 மீட்டர் என்றால் ஒரு துண்டுக்கு ஏழு தார். ஆறு நிமிடத்துக்கு ஒருமுறை தார் தீரும், மாற்ற வேண்டும். நாளைக்கு எட்டுத் துண்டு நெய்கிறவளுக்கு யாராவது ஒருவர் ஐம்பது தாருக்கு மேல் சுற்றித் தந்தாக வேண்டும். அந்த யாராவது ஒருவருக்குத் தனியாகக் கூலி கிடையாது. துண்டுக்கு இவ்வளவு என்று கொடுக்கிற கூலியிலேயே அதுவும் அடக்கம். எங்கள் வீட்டில் அந்த யாராவது ஒருவர் அம்மா. காலேஜ் விட்டு வந்தபின் நான்.

பச்சைக் குழந்தையின் கடிகாரம்

இனி மறுபக்கம். பிறந்து சில வாரமே ஆன குழந்தை ஒரு நாளில் எட்டிலிருந்து பன்னிரண்டு முறை பால் குடிக்கும். பதினான்கு மணி நேரத்துக்கு மேல் தூங்கும் என்று சொல்கிறார்கள். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது; ஆனால் ஒரே தூக்கமாகத் தூங்காது. துண்டு துண்டாகத் தூங்கும். (துண்டு என்ற சொல் இங்கே தானாக வந்து விழுந்தது, நான் போடவில்லை.) ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டும்தான் என்று நர்சம்மா சொல்லியிருக்கிறார். அதனால் பாலுக்குப் பதில் ஆள் கிடையாது. தூக்கி வைத்துக்கொள்ள அம்மா இருக்கிறார், ஆட்ட நான் இருக்கிறேன், பால் கொடுக்க அக்கா மட்டுமே.

ஒரு தடவை பால் கொடுத்து, ஏப்பம் விட வைத்து, துணி மாற்றி, தூங்க வைத்துவிட்டு வந்து உட்கார முக்கால் மணி நேரம் ஆகிவிடும். அடுத்த அழுகைக்குள் நெய்யக் கிடைப்பது சில சமயம் ஒரு மணி நேரம், பல சமயம் இருபது நிமிடம். 40 நிமிடத் துண்டுக்கு இது எப்படிப் போதும்? கர்ப்பத்துக்கு முன் நாளைக்கு ஏழு எட்டுத் துண்டு நெய்த அக்காவால் முதல் இரண்டு வாரம் மூன்றுக்கு மேல் நெய்ய முடியவில்லை.

எந்த வேலையை எப்போது செய்வது

நெசவு என்றால் தறியில் உட்கார்வது மட்டும் என்று வெளியில் இருப்பவர்கள் நினைக்கிறார்கள். ஒரு தறி வீட்டில் எத்தனையோ வேலை உண்டு. அதில் எதை மடியில் குழந்தையோடு செய்யலாம், எதைக் குழந்தை தூங்கும்போது செய்யலாம், எதைச் செய்யவே கூடாது என்று அம்மாவுக்கு ஒரு கணக்கு இருக்கிறது. எழுதி வைத்த கணக்கு இல்லை.

ராட்டையில் தார் சுற்றுவதை எப்போது வேண்டுமானாலும் நிறுத்தலாம், எப்போது வேண்டுமானாலும் தொடங்கலாம். ஒரு கை சக்கரத்தில், ஒரு கை நூலில். கால் நீட்டி அதன்மேல் குழந்தையைக் கிடத்திக்கொண்டு அம்மா மணிக்கணக்கில் சுற்றுகிறார். ராட்டைச் சத்தத்துக்குக் குழந்தை தூங்கியும் விடுகிறது. சிட்டத்திலிருந்து நூல் பிரிப்பதும் அப்படியே. ஆனால் பஞ்சுத் துகள் பறக்கும், அதனால் சன்னலோரம் வைத்துச் செய்ய வேண்டும்.

பாவு பிணைப்பது அப்படியில்லை. பழைய பாவு தீர்ந்ததும் புதுப் பாவின் ஒவ்வொரு இழையையும் பழைய இழையின் முனையோடு முறுக்கிச் சேர்க்க வேண்டும். 30 அங்குலத்துக்கு அங்குலத்துக்கு 40 இழை என்றால் 1,200 பிணைப்பு! நடுவில் எழுந்து போனால் வரிசை தவறும். ஒரு இழை இடம் மாறினால் பாவு தீரும்வரை எல்லாத் துண்டிலும் அதே கோடு வரும். இதைக் குழந்தையை வைத்துக்கொண்டு செய்யவே முடியாது. பக்கத்து வீட்டுப் பெரியம்மா வந்து செய்து கொடுத்தார். அவருக்குக் கூலி உண்டு, அதுவும் நம் கூலியிலிருந்துதான் போக வேண்டும்.

சாயம் போடுவது வீட்டுக்கு வெளியே வைக்க வேண்டிய வேலை. வெயிலிலும் துவைப்பிலும் போகாத வாட் சாயத்தைக் கரைக்கக் காஸ்டிக் சோடாவும் ஹைட்ரோஸும் வேண்டும். காஸ்டிக் சோடா கையில் பட்டால் தோல் வெந்துவிடும் என்று நம் கெமிஸ்ட்ரி லேபில் எச்சரித்தது ஞாபகமிருக்கும். எங்களுக்கு நூல் சாயமேற்றித்தான் வருகிறது. நல்லவேளை! ஆனால் அந்தச் சாயத் தண்ணீர் எங்கே போகிறது என்பதைத் திருமணிமுத்தாற்றைத் தாண்டிப் போகிறவர்கள் எல்லோரும் பார்த்திருப்பீர்கள்.

இன்னொரு விஷயம் பலருக்கு ஆச்சரியமாக இருக்கும். துண்டு நெய்கிற வீட்டில் பிறந்த குழந்தைக்குப் புதுத் துண்டு போர்த்துவதில்லை. பாவில் கஞ்சி ஏறியிருக்கும், புதுத் துணி சொரசொரப்பாக இருக்கும். அப்பாவின் பழைய வேட்டியைக் கிழித்துத் துவைத்து வைத்ததுதான் குழந்தைக்கு.

தூளிக் கணக்கு

தூளி கட்டியிருப்பது தறிக்கு இடப்பக்கம், கூரை விட்டத்தில். தறிக்குழிக்கு மேலே வராதபடி எட்டவே கட்டியிருக்கிறோம். நாடா எப்போதாவது வழி தவறித் துள்ளி வெளியே விழும், அதற்கும் எட்டாத இடம். தூளியிலிருந்து ஒரு கயிறு அக்காவின் கைப்பக்கம் வரும்.

எங்கள் வீட்டுக்கு வந்த உறவினர் ஒருவர் நல்ல யோசனை ஒன்று சொன்னார். "பலகைதான் முன்னும் பின்னும் ஆடிக்கிட்டே இருக்குதுல்ல, தூளிக் கயித்த அதுலயே கட்டிரு. தானா ஆடும்." கேட்கும்போது சரியாகத்தான் பட்டது. ஆனால் நம் பாடப் புத்தகத்தில் ஊசல் பற்றிப் படித்ததை இங்கே போட்டுப் பாருங்கள். விட்டத்திலிருந்து குழந்தை கிடக்கும் இடம்வரை அளந்தேன், ஒன்றரை மீட்டர். ஊசலின் அலைவு நேரம் 2π√(நீ/ஈ). நீளம் 1.5, ஈர்ப்பு முடுக்கம் 9.8. விடை ஏறக்குறைய இரண்டரை வினாடி. குழந்தையின் எடை இந்தக் கணக்கில் வரவே வராது. பலகையோ வினாடிக்கு ஒருமுறை அடிக்கிறது. இரண்டரை வினாடியில் போய்வர விரும்புகிற தூளியை வினாடிக்கு ஒருமுறை இழுத்தால் ஒரு சமயம் ஆட்டத்தோடு சேர்ந்து இழுக்கும், மறு சமயம் ஆட்டத்துக்கு எதிராக இழுக்கும். தூளி ஆடாது, உதறும். குழந்தை விழித்துக்கொள்ளும்.

அக்கா செய்வது வேறு. ஐந்து ஓட்டத்துக்கு ஒருமுறை, நாடாக் கயிற்றைச் சுண்டுகிற கையாலேயே பக்கத்தில் தொங்கும் தூளிக் கயிற்றையும் லேசாக இழுத்துவிடுகிறாள். கைக்கடிகாரத்தை வைத்துப் பார்த்தேன். ஐந்து ஓட்டம் ஐந்து வினாடி. அதற்குள் தூளி சரியாக இரண்டு முறை போய்வந்து, அடுத்த இழுப்புக்குத் தயாராக நிற்கிறது. ரெசனன்ஸ் என்ற வார்த்தை அவளுக்குத் தெரியாது. "எப்படிக்கா அஞ்சுன்னு கண்டுபிடிச்ச?" என்று கேட்டதற்கு, "அது அஞ்சா? நான் எண்ணவே இல்லியே" என்றாள்.

வண்ணத்தை எங்கே வைப்பது

அக்காவின் கை திரும்ப ஓடத் தொடங்கியது அவள் பெரிய துண்டை விட்டுச் சின்னத் துணிக்கு மாறியபோது. முதலாளிக்கு ஏற்றுமதிக்காரர் ஒருவரிடமிருந்து சமையலறைத் துணி ஆர்டர் வந்திருந்தது. அதாவது பாத்திரம் துடைக்கிற துணி. நம் வீடுகளில் இதற்காகக் காசு கொடுத்துத் துணி வாங்குகிற வழக்கம் கிடையாது. கிழிந்த வேட்டியோ பாவாடையோ கரித்துணியாகிவிடும், அதுவே சூடான பாத்திரமும் பிடிக்கும், அடுப்பும் துடைக்கும். வெளிநாட்டில் அதற்கென்று பல வண்ணத்தில் நெய்த துணி வாங்கி, பார்வையாக அடுப்பங்கரையில் தொங்கவிடுகிறார்கள். பக்கத்திலுள்ள கரூர் இம்மாதிரி வீட்டு உபயோகத் துணி ஏற்றுமதிக்குப் பேர்போன ஊர். "பாத்தரம் தொடைக்கவா இவ்ளோ அழகா நெய்யோணும்?" என்று அம்மா இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறார்.

இந்தத் துணி 18-க்கு 28 அங்குலம். அதே 40 ஓட்டம் என்றால் 1,120 ஓட்டம், 19 நிமிடத்தில் ஒரு துணி. தாரும் இரண்டு போதும். குழந்தையின் சின்னத் தூக்கத்துக்குள் ஒரு துணி முழுசாக முடியும்!

முடிவது ஏன் முக்கியம்? தறியை நடுவில் நிறுத்திவிட்டுப் போனால் துணியில் அது தெரியும். இழுத்துக் கட்டிய பாவு நேரம் ஆக ஆகத் தளர்ந்து லேசாக நீளும். திரும்ப வந்து முதல் ஓட்டத்தை அடிக்கும்போது அது சரியான இடத்தில் விழாது. நெருங்கி விழுந்தால் தடித்த கோடு, விலகி விழுந்தால் சல்லடை மாதிரிக் கோடு. பெரிய துண்டின் நடுவில் இந்தக் கோடு விழுந்தால் கூலியில் பிடித்துக்கொள்வார்கள். சின்னத் துணியில் ஒன்றுக்கும் அடுத்ததற்கும் இடையில், மடித்துத் தைக்கிற ஓரத்தில் நிறுத்தினால் கோடு தையலுக்குள் போய்விடும். நடுவில் அழுகை வந்தால் அம்மா தூக்கிக்கொள்ள, அக்கா ஓரம்வரை விரட்டி முடித்துவிட்டு எழுவாள். முடியாதபோது இரண்டு மிதியையும் விட்டு விழுதைச் சமமாக்கி, படமரத்துப் பல்சக்கரத்தில் ஒரு பல் தளர்த்திவிட்டுப் போவாள். திரும்பி வந்ததும் இறுக்கி, நாடா ஓட்டாமல் வெறும் பலகையால் இரண்டு தட்டுத் தட்டிப் பார்த்துவிட்டுத்தான் தொடங்குவாள்.

வண்ணம் விஷயத்திலும் யோசனை இருக்கிறது. கட்டம் போட்ட துணி பார்க்க அழகு. ஆனால் கட்டத்துக்கு ஊடையிலும் நிறம் மாற வேண்டும். சிவப்பு 12 ஓட்டம், வெள்ளை 12 ஓட்டம், மஞ்சள் 4 என்று எண்ணிக்கொண்டே நாடா மாற்ற வேண்டும். ஜான் கேயின் மகன் ராபர்ட் கே 1760-ல் பல நாடாக்களை அடுக்கி ஏற்றி இறக்குகிற பெட்டியைச் செய்தார். அந்தப் பெட்டி மாட்டினால் கை வேலை குறையும், எண்ணுவது குறையாது. ஒன்பதாவது ஓட்டத்தில் குழந்தை வீறிட்டால் திரும்பி வரும்போது ஒன்பதா பதினொன்றா என்று யாருக்குத் தெரியும்? அதனால் அக்கா கேட்டு வாங்கிய பாவு பட்டைக் கோடு. நீலம், மாம்பழ மஞ்சள், கிளிப்பச்சை, இடையில் மெல்லிசாகக் கறுப்பு எல்லாம் பாவிலேயே அமைந்திருக்கும். ஊடை முழுக்க ஒரே வெள்ளை. எண்ண வேண்டியதே இல்லை. இரண்டு ஓரத்திலும் மட்டும் ஒரு சிவப்புக் கரை. அந்தக் கரை வந்தால் துணி முடிகிறது, எழுந்து போகலாம் என்று அர்த்தம். கடையில் வாங்குகிறவர் இதை அழகுக்காகப் போட்டது என்றுதான் நினைப்பார். அழகாகவும்தான் இருக்கிறது.

இப்போது நாளைக்கு ஒன்பது பத்துத் துணி ஆகிறது. பத்துத் துணி என்றால் 11,200 ஓட்டம். முன்பு எட்டுத் துண்டுக்கு 19,200. ஆக, பழைய வருமானத்தில் அறுபது சதவீதம்கூட வரவில்லை. மூன்று துண்டுக் காலத்தைவிடப் பரவாயில்லை. குழந்தையும் இப்போது கொஞ்சம் கூடுதலாகத் தூங்குகிறது, அதையும் சொல்லிவிட வேண்டும்.

விசைத்தறியில் ஏன் முடியாது?

"இத்தனை கஷ்டப்படுவதற்கு விசைத்தறிக்குப் போகலாமே" என்று நண்பர்கள் கேட்கலாம். நம் பகுதியில் பள்ளிபாளையம், குமாரபாளையம், திருச்செங்கோடு எங்கு போனாலும் அந்தச் சத்தம்தான். நிமிடத்துக்கு 120 ஓட்டத்துக்கு மேல் ஓடும் தறிகள் நான்கைந்தை ஒரே ஆள் பார்க்க வேண்டும். ஷிப்ட் பன்னிரண்டு மணி நேரம். பட்டறையில் ஒருவர் காதருகே கத்தினால்தான் மற்றவருக்குக் கேட்கும். அப்பா வீட்டிலும் சத்தமாகவே பேசுவார். கோபம் என்று புதிதாக வருகிறவர்கள் நினைத்துக்கொள்வார்கள். அங்கே தூளி கட்ட முடியுமா? முக்கியமான வித்தியாசம் இதுதான். விசைத்தறி ஆளுக்காக நிற்காது, ஆள்தான் தறிக்காக நிற்க வேண்டும். கைத்தறி, காலை எடுத்தால் அந்த இடத்திலேயே நின்று நமக்காகக் காத்திருக்கும். 2019-20-ல் எடுத்த நான்காவது அகில இந்தியக் கைத்தறிக் கணக்கெடுப்பில் நெசவும் அதைச் சார்ந்த வேலையும் செய்கிறவர்கள் 35 லட்சத்துக்கு மேல் என்று தெரியவந்தது. அவர்களில் பத்துக்கு ஏழு பேர் பெண்கள். நின்று காத்திருக்கிற தறி என்பதும் இதற்கு ஒரு காரணம் என்று எனக்குப் படுகிறது.

ஆனால் காத்திருக்கிற தறி காத்திருக்கும் நேரத்துக்குக் கூலி தராது. இதைத்தான் நாம் யோசிக்க வேண்டும். பேறுகால விடுப்பு சட்டத்தை 2017-ல் திருத்தி, சம்பளத்தோடு 12 வாரமாக இருந்ததை 26 வாரமாக்கினார்கள். 50 பேருக்குக் குறையாமல் வேலை செய்கிற இடத்தில் குழந்தைகள் காப்பகமும் வேண்டும் என்றார்கள். எல்லாம் நல்ல சட்டம். ஆனால் வீட்டுத் திண்ணையைத் தாண்டாமல் துணிக்கு இவ்வளவு என்று கூலி வாங்குகிற எங்கள் அக்காவுக்கு யார் முதலாளி, எது வேலை செய்யும் இடம்? 26 வாரத்தில் ஒரு வாரம்கூட அவளுக்குக் கிடையாது. ஏழாவது வாரம் முடிந்து எட்டாவது தொடங்கும்போது அவள் தறியில் இருந்தாள்.

ஒன்றுமே இல்லை என்றும் சொல்ல மாட்டேன். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி பெயரில் நம் மாநில அரசு 1987-ல் 300 ரூபாயில் தொடங்கிய மகப்பேறு உதவி படிப்படியாக ஏறி, 2018-லிருந்து ஊட்டச்சத்துப் பெட்டகத்தையும் சேர்த்து 18,000 ரூபாய். தவணை தவணையாக வருகிறது. அக்காவுக்கு வந்த தவணையில் பாதி வீட்டுச் செலவுக்குப் போனது, மீதி என் செமஸ்டர் ஃபீஸுக்குப் போனது. அவளாகத்தான் கொடுத்தாள். கைத்தறி நெசவாளருக்கு இரண்டு மாதத்துக்கு 200 யூனிட்டாக இருந்த இலவச மின்சாரம் 2023-ல் 300 யூனிட் ஆனது. தறிக்கு மின்சாரம் தேவையில்லை. லைட்டுக்கும் தூளிக்கு மேலே ஓடுகிற ஃபேனுக்கும் தேவை. 1985-ல் வந்த கைத்தறி ரக ஒதுக்கீட்டுச் சட்டத்தில் முதலில் 22 ரகம், 1996-ல் அதை 11 ஆகக் குறைத்தார்கள். குறைத்த பட்டியலிலும் துண்டு இருக்கிறது. இருந்தாலும் சந்தையில் தொங்குகிற துண்டில் பெரும்பாலானது எதில் நெய்தது என்று நம் ஊர்க்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

தறிக்குழி

குழித்தறியின் நல்ல குணம் அதன் குழி. தரைக்குள் ஈரம் இருக்கும், ஈரத்தில் பருத்தி நூல் பலப்படும், அடிக்கடி அறாது. நெய்கிறவர் தரையோரத்தில் உட்கார்ந்து காலைத் தொங்கவிட்டு மிதிக்கலாம். கெட்ட குணமும் அதே குழிதான். இடுப்பளவு ஆழம். பாப்பாவுக்கு இப்போது மூன்றாவது மாதம். குப்புற விழத் தொடங்கிவிட்டால் அப்புறம் தவழ எத்தனை நாள் ஆகும்? நெய்யாதபோது பலகை போட்டு மூடிவிடலாம். நெய்யும்போது எப்படி மூடுவது? அக்காவின் கால் அதற்குள் இருக்கிறதே!

தரைக்கு மேலே நிற்கிற சட்டத்தறி போட்டால் இந்தப் பயம் இல்லை. சேலத்தில் 1960-லிருந்து இருக்கிற இந்தியக் கைத்தறித் தொழில்நுட்பக் கழகத்தில் படிக்கிற என் சிநேகிதன் ஒருவன் அதன் அளவுகளை வரைந்து கொடுத்திருக்கிறான். மரமும் ஆசாரி கூலியும் சேர்த்தால் கையிலுள்ள பணத்துக்கு எட்டவில்லை. எங்கள் பழைய தறியின் பலகை, விழுது, அச்சு, படமரம் எல்லாவற்றையும் அப்படியே எடுத்து, நாலு கால் சட்டத்தில் ஏற்ற முடியுமா என்று பார்த்துக்கொண்டிருக்கிறேன். மிதிக்கும் விழுதுக்கும் இடையில் கயிறு நீளம் மாறும், நெம்புகோல் கணக்கு ஒன்று போட வேண்டும். பலகை அடிக்கிற அடிக்குச் சட்டம் ஆடாமல் இருக்க மூலைவிட்டத்தில் ஒரு கட்டை கொடுக்க வேண்டும். ஒர்க்ஷாப்பில் கார்பென்ட்ரி நன்றாகச் செய்கிற நண்பர்கள் யாராவது ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வந்தால் உதவியாக இருக்கும். சாப்பாடு எங்கள் வீட்டில். இப்போது ஓடுகிற பாவு எழுபது துணிக்கு மேல் வரும், இன்னும் ஒரு வாரத்தில் தீர்ந்துவிடும். அது தீர்ந்து அடுத்த பாவு பிணைப்பதற்கு முன் தறியைப் பிரித்தால்தான் உண்டு.